மண் ஈரமானியும் தராசும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் உழவர்களுக்கும் நிகழ்த்திய உரை)



நிலத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை எண்ணாகக் காட்டும் கருவிகள் இன்று நம் கிராமங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. கடைக்காரர் இதனைச் 'சென்சார்' என்கிறார். நாம் இங்கு ஈரமானி என்று அழைப்போம். சொட்டுநீர்க் குழாய் அமைத்தவர்களும், நிழல்வலைக் குடிலில் நாற்று வளர்ப்பவர்களும், மோட்டாரைத் தானியங்கியாக ஓட்ட விரும்புகிறவர்களும் இதனை வாங்குகிறார்கள். கருவியின் முகத்தில் 27 என்று எண் தோன்றுகிறது. அந்த 27 உண்மையான 27 தானா என்பதே நாம் இன்று ஆராய வேண்டிய கேள்வி. சிறிய கேள்விபோல் தோன்றினாலும், பயிரும் நீரும் பணமும் அதனைச் சார்ந்தே இருக்கின்றன.

நம் முன்னோர்கள் ஈரமானி இன்றியே ஈரம் அறிந்தவர்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தி, உருட்டி, அது உதிர்கிறதா, உருண்டையாக நிற்கிறதா, விரலில் ஒட்டுகிறதா என்று பார்த்துப் பதம் சொன்னார்கள். நெல்லுக்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று முறை வகுத்தார்கள். இவ்வறிவு இன்றும் பயனுள்ளதே. அதனை எவரும் கைவிட வேண்டுவதில்லை. ஆயினும், கை சொல்லும் பதத்தை லிட்டர்க் கணக்காக மாற்ற இயலாது. கிணறு ஆழமாகிவிட்டது. ஒரு கண்மாய் நீரைப் பல மடைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்நிலையில் 'எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர்' என்பதோடு 'எவ்வளவு தண்ணீர்' என்பதையும் அறிய வேண்டியிருக்கிறது. அதற்கே ஈரமானி தேவைப்படுகிறது.

ஈரமானி எதனை அளக்கிறது?

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஈரமானி நீரை நேராக அளப்பதில்லை. நீர் கூடும்போதும் குறையும்போதும் மண்ணில் மாறுகின்ற வேறொரு குணத்தை அளந்து, அதிலிருந்து நீரைக் கணக்கிடுகிறது. 1940ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மிச்சிகனில் பூயூக்கோஸ் என்ற அறிஞர் தம் சகாவுடன் ஜிப்சக் கட்டியை மண்ணில் புதைத்து, அதன் மின்தடையை அளந்து ஈரம் காணும் முறையை வெளியிட்டார். 1952இல் கார்ட்னர், கிர்க்கம் என்ற இருவர் நியூட்ரான் துகள்களை மண்ணுக்குள் செலுத்தி ஈரம் காணும் முறையை வெளியிட்டனர். இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைப்பவை மண்ணின் மின்காப்பு மாறிலி என்ற குணத்தைக்கொண்டு ஈரம் காண்பவை.

இந்த மாறிலி நீருக்கு ஏறத்தாழ 80. காற்றுக்கு 1. மணல், களி முதலிய கனிமத் துகள்களுக்கு 3 முதல் 5 வரை. நீருக்கும் மற்றவற்றிற்கும் இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதனால், மண்ணில் நீர் சிறிதளவு கூடினாலும் மொத்த எண் ஏறிவிடுகிறது. 1980ஆம் ஆண்டில் கனடா நாட்டில் டாப், டேவிஸ், அன்னன் என்ற மூவர் பல கனிம மண் வகைகளைச் சோதித்து, மாறிலியிலிருந்து நீரின் அளவைக் கணக்கிடும் ஒரு பொதுச் சமன்பாட்டை வெளியிட்டனர். கருவி செய்வோர் பலர் இச்சமன்பாட்டையோ, இதுபோன்ற வேறொன்றையோ கருவிக்குள் பொதிந்து விற்கின்றனர். கரிமப் பொருள் மிகுந்த மண்ணுக்கு அந்தப் பொதுச் சமன்பாடு பொருந்தவில்லை என்பதையும் அம்மூவரே கண்டு கூறியுள்ளனர் என்பதை நாம் மறக்கலாகாது.

எண் ஏன் பிழைபடுகிறது?

தொழிற்சாலையில் பொதிந்த கணக்கு நம் வயலில் பிழைபடுவதற்குப் பல காரணங்கள் உண்டு.

கரிசல் நிலத்தில் களி மிகுதி. அக்களியின் மேற்பரப்பை இறுகப் பற்றிக்கொண்ட நீர், தாராளமாக நிற்கும் நீரைப்போல் கருவிக்குப் புலப்படுவதில்லை. மேலும் கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பு கருவியின் கம்பியை ஒட்டி ஓடினால், கருவி மண்ணை விட்டுக் காற்றை அளக்கத் தொடங்கும்.

உவர் நிலத்திலும், உப்புக் கிணற்று நீர் பாய்ச்சும் நிலத்திலும் மண்ணின் வழியே மின்சாரம் எளிதில் பாய்கிறது. விலை குறைந்த கருவிகள் பல இதனை நீர் என்று எண்ணி ஏமாந்து, ஈரத்தை மிகுத்துக் காட்டுகின்றன. உரம் கரைத்து விட்ட மறுநாள் எண் திடீரென்று ஏறுவதும் இதனால் நேரலாம்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பல இடங்களுக்குச் செல்லும் தென்னை நார்க்கழிவு மண்ணே அன்று. ஒரு லிட்டர் உலர்ந்த நார்க்கழிவு ஏறத்தாழ 100 கிராம் எடையே இருக்கும். ஒரு லிட்டர் வயல் மண்ணோ ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மண்ணுக்கு எழுதிய கணக்கு நார்க்கழிவுக்குப் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

இவையன்றி, மண்ணின் வெப்பம், சரளைக் கற்கள், கருவியைச் செருகும்போது உண்டாகும் இடைவெளி ஆகியவையும் எண்ணை மாற்றும். சில மலிவான கருவிகள் சதவிகிதமே காட்டாமல் வெறும் எண்ணை மட்டும் காட்டுகின்றன. அவற்றுள் ஈரம் கூடக்கூட எண் குறைகின்ற கருவிகளும் உண்டு.

படிக்கல்லும் முத்திரையும்

முன்னாளில் ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டு, வாங்குவோரும் விற்போரும் பூசலிட்டதைப் பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1956இல் இந்தியாவில் எடை அளவைச் சட்டம் நிறைவேறி, 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வழக்குக்கு வந்தன. இன்றும் கடைத் தராசைக் காலமுறைப்படி சோதித்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டம். முத்திரையில்லாத தராசில் நாம் ஒரு கிலோ பருப்புக்கூட வாங்க மாட்டோம். ஆனால் எவரும் சோதிக்காத ஈரமானியின் சொல்லைக் கேட்டு, ஏக்கர் கணக்கில் நீர் பாய்ச்சவோ நிறுத்தவோ துணிந்துவிடுகிறோம்.

இதனால் வரும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு செம்மண் வயலில் ஈரமானி 27 சதவிகிதம் காட்டுகிறது. உண்மை ஈரம் 20 சதவிகிதம் என்று கொள்வோம். வேறுபாடு 7. வேர் ஓடும் ஆழம் 30 சென்டிமீட்டர் எனின், அவ்வாழத்தில் 7 சதவிகிதம் என்பது 21 மில்லிமீட்டர் நீர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஏறத்தாழ 4,047 லிட்டர். ஆகவே 21 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 85 ஆயிரம் லிட்டர். இல்லாத 85 ஆயிரம் லிட்டர் நீரை இருப்பதாக நம்பி, உழவர் மோட்டாரை நிறுத்தி வைத்திருப்பார், பயிர் வாடும். கருவி இதற்கு மாறாகக் குறைத்துக் காட்டினால், தேவையற்ற 85 ஆயிரம் லிட்டர் வேருக்குக் கீழே இறங்கி, தழைச்சத்தையும் உடன் கொண்டுபோகும். கடைமடைக்காரருக்குச் சேர வேண்டிய நீரும் குறையும்.

வயலில் செய்யும் முறை

இதற்குப் பரிகாரம் கடினமானது அன்று. மண்ணிலுள்ள நீரை ஐயமின்றி அறியும் முறை ஒன்று உண்டு. ஈர மண்ணை நிறுத்து, உலர்த்தி, மீண்டும் நிறுத்தால், குறைந்த எடையே நீரின் எடை. கருவியின் எண்ணை இந்த எடையோடு ஒப்பிட்டுத் திருத்துவதையே அளவுத்திருத்தம் என்கிறோம்.

தேவையான பொருள்கள் சில. ஒரு கிராம் வரை காட்டும் தராசு ஒன்று. ஒரு முனை கூராக்கிய இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று. உள்விட்டம் 7 சென்டிமீட்டரும் உயரம் 10 சென்டிமீட்டரும் இருந்தால், அதன் கொள்ளளவு ஏறத்தாழ 385 கன சென்டிமீட்டர். மற்றும் ஒரு கத்தி, காற்றுப் புகாத பைகள், ஒரு நோட்டுப் புத்தகம்.

ஈரமானி 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். முதலில் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின் அதிலிருந்து ஓரடி தள்ளி, மேல்மண் 10 சென்டிமீட்டரை நீக்கி, குழாயை நேராக அடித்து இறக்க வேண்டும். மண் நசுங்காதபடி சுற்றிலும் தோண்டி எடுத்து, இரு முனைகளையும் கத்தியால் சமமாகச் சீவி, மண் முழுவதையும் பையிலிட்டு இறுகக் கட்டி, அன்றே நிறுக்க வேண்டும். ஒரே முறை எடுத்தது போதாது; அவ்விடத்தைச் சுற்றி மூன்று மாதிரிகள் எடுத்துச் சராசரி காண வேண்டும்.

அடுத்தது உலர்த்துதல். உலர் அடுப்பில் 105 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 24 மணி நேரம், எடை மேலும் குறையாத நிலை வரும் வரை வைக்க வேண்டும். வெயிலில் காய்ந்தது போதும் என்று விட்டுவிடலாகாது. வெயிலில் காய்ந்த கரிசல் மண், தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றினும், களி பற்றிய ஈரத்தை விடாமல் வைத்திருக்கும். உலர் அடுப்பு கிராமத்தில் இராது. ஆகவே மண் பரிசோதனை நிலையம், வேளாண் அறிவியல் நிலையம், அருகிலுள்ள வேளாண்மைக் கல்லூரி ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இனிக் கணக்கு. ஈர மண் 655 கிராம், உலர்ந்தபின் 578 கிராம் என்று கொள்வோம். நீர் 77 கிராம், அஃதாவது 77 கன சென்டிமீட்டர். இதனைக் குழாயின் கொள்ளளவாகிய 385ஆல் வகுத்தால் 20 சதவிகிதம் வருகிறது. ஈரமானியின் எண்ணோடு ஒப்பிட வேண்டியது இந்தக் கன அளவுச் சதவிகிதமே. நீரின் எடையை உலர்ந்த மண்ணின் எடையால் வகுத்தால் 13.3 சதவிகிதம்தான் வரும். அது எடைச் சதவிகிதம். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, 'கருவி தவறு' என்றோ 'தராசு தவறு' என்றோ வாதிட இடமளிக்கக் கூடாது.

இவ்வாறு ஒரே நாளில் ஒரு முறை செய்தால் போதாது. நீர் பாய்ச்சிய இரண்டாம் நாள் ஒரு முறை, இடையில் ஒரு முறை, அடுத்த தண்ணீருக்கு முன் ஒரு முறை என்று, நனைந்த நிலை முதல் காய்ந்த நிலை வரை பல முறை செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, ஈரமானி 36 காட்டியபோது தராசு 28 சொன்னது. 27 காட்டியபோது 20. 18 காட்டியபோது 12. இவற்றைக் கட்டமிட்ட தாளில் புள்ளியாக வைத்து, புள்ளிகளை ஒட்டி ஒரு கோடு இழுத்தால், ஈரமானியின் ஒவ்வொரு 9 எண்ணுக்கும் உண்மை ஈரம் 8 என்று தெரிகிறது. இனி ஈரமானி 30 காட்டினால், கோட்டில் பார்த்து, உண்மை ஈரம் ஏறத்தாழ 22.7 என்று சொல்லிவிடலாம். அந்தத் தாளே அந்த வயலுக்கும் அந்தக் கருவிக்கும் உரிய முத்திரை. சில மண்ணில் புள்ளிகள் நேர்கோட்டில் அமையாமல் வளைந்து செல்லும். அப்போது வளைவாகவே வரைந்துகொள்ள வேண்டும்.

கரிசல் நிலத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மண் உப்பிச் சுருங்குவதால், ஒவ்வொரு முறையும் குழாயினால் மாதிரி எடுத்தே கன அளவைக் காண வேண்டும். ஒரு முறை கண்ட மண் அடர்த்தியை எல்லா ஈரநிலைக்கும் பயன்படுத்துதல் தவறாகும்.

நாற்றங்காலுக்கு வாளி முறை

நார்க்கழிவில் நாற்று வளர்ப்போருக்கு இன்னும் எளிய வழி உண்டு. 10 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் வாளியின் அடியில் துளையிட்டு, அதன் எடையையும் ஈரமானியின் எடையையும் குறித்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த எடை தெரிந்த நார்க்கழிவை, பையில் நிரப்பும் அதே அழுத்தத்தில் நிரப்பி, ஈரமானியைச் செருகி, நன்கு நனைத்து வடியவிட வேண்டும். பின்னர் நாள்தோறும் காலையில் எண்ணையும் எடையையும் குறித்துவர வேண்டும். உலர்ந்த நார்க்கழிவு ஒரு கிலோவாகவும், அன்றைய நீர் 5 கிலோவாகவும் இருந்தால், கன அளவில் ஈரம் 50 சதவிகிதம். எடையளவிலோ 500 சதவிகிதம்! கன அளவையே கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வாளியின் விளிம்புக்கு அருகில் கருவியை வைக்கலாகாது. இரும்பு வாளியும் ஆகாது.

எண்ணிலிருந்து தீர்மானத்திற்கு

உண்மை ஈரம் தெரிந்துவிட்டது. அது பயிருக்குப் போதுமா என்பது அடுத்த கேள்வி. 12 சதவிகிதம் மணல் நிலத்தில் நிறைந்த ஈரமாக இருக்கலாம். கரிசலிலோ 20 சதவிகிதமும் பயிருக்கு எட்டாத ஈரமாக இருக்கலாம். ஆதலின் ஒவ்வொரு நிலத்திற்கும் மேல்வரை ஒன்றும் கீழ்வரை ஒன்றும் வேண்டும். நன்றாக நீர் பாய்ச்சி, மேலே தாள் விரித்து மூடி, மணற்பாங்கான நிலத்தில் ஒரு நாளும் களிப்பாங்கான நிலத்தில் இரண்டு மூன்று நாள்களும் கழித்துப் பார்க்கும் ஈரம் மேல்வரை. பயிர் மீளாமல் வாடும் ஈரம் கீழ்வரை. இதனை மண் ஆய்வுக்கூடத்தில் அறியலாம். பல பயிர்களுக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நீரில் ஏறத்தாழப் பாதி செலவானதும் நீர் பாய்ச்ச வேண்டும்; காய்கறிகளுக்கு இன்னும் முன்னதாகவே வேண்டும்.

முன் சொன்ன செம்மண் வயலில் மேல்வரை 28, கீழ்வரை 12 என்று கொள்வோம். பாதி செலவாகும் இடம் 20. அந்நேரத்தில் திருத்தப்படாத ஈரமானி காட்டுவதோ 27! 'மேல்வரையை ஒட்டி ஈரம் நிற்கிறதே' என்று உழவர் மகிழ்ந்திருக்கும் அந்த நாளே, உண்மையில் நீர் பாய்ச்ச வேண்டிய நாள். அளவுத்திருத்தம் எதற்கு என்று கேட்பவருக்கு இதுவே விடை.

கோயம்புத்தூரிலுள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரம் காட்டி, எண்ணுக்குப் பதிலாக நிற விளக்குகளால் ஈரத்தைத் தெரிவிக்கிறது. நீலம் எரிந்தால் ஈரம் மிகுதி. சிவப்பு எரிந்தால் உடனே நீர் வேண்டும். எண் படித்துப் பழகாதவருக்கும் இது உதவும். ஆயினும் விளக்கு எரியும்போது நம் மண்ணில் உண்மையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று ஒரு முறையேனும் தராசைக்கொண்டு பார்த்துவைத்தல் நலம்.

'இவ்வளவு வேலை செய்ய எங்களுக்கு நேரம் ஏது?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஒரே வயலில், ஒரே இடத்தில் நிலையாக நட்ட கருவியில் நேற்றைவிட இன்று குறைந்ததா என்று மட்டும் பார்ப்பவர், திருத்தாத எண்ணைக்கொண்டும் ஓரளவு பயன் பெறலாம். ஆனால் இரு வயல்களை ஒப்பிடவோ, இத்தனை லிட்டர் வேண்டும் என்று கணக்கிடவோ, மோட்டாரைக் கருவியின் பொறுப்பில் விடவோ விரும்பினால், திருத்தம் இன்றியமையாதது. நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்வோருக்கோ ஈரமானியே தேவையில்லை. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் நீர் பாய்ச்சினால் போதும். அங்கு நீரை நேராகவே கண்ணால் பார்க்கிறோம்.

பஞ்சாயத்தின் கடமை

இவ்வேலையை ஒவ்வொரு உழவரும் தனித்தனியே செய்ய வேண்டுவதில்லை. ஒரு கிராமத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று வகை மண்ணே இருக்கும். பஞ்சாயத்து ஒரு தராசும் ஒரு குழாயும் பொதுவில் வைத்து, ஒவ்வொரு மண் வகையிலும் ஒரு வயலைத் தேர்ந்து, ஒரு பருவத்தில் அளவுத்திருத்தம் செய்துவிட்டால், அதே மாதிரிக் கருவி வைத்திருக்கும் அனைவருக்கும் அந்தத் தாள் வழிகாட்டும். ஒவ்வொருவரும் தம் கருவியைக்கொண்டு ஓரிரு புள்ளிகளை மட்டும் சரிபார்த்துக்கொண்டால் போதும். பள்ளி அறிவியல் ஆசிரியரும் மாணவர்களும் இதில் பங்கேற்றால், நிறுத்தலும் வகுத்தலும் கோடு வரைதலும் அவர்களுக்கு நல்ல பாடமாகவும் அமையும்.

தமிழ்நாட்டில் 2022 முதல், உலக நீர் நாளாகிய மார்ச் 22ஆம் நாளும் கிராம சபைக்குரிய நாள்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அன்று இந்த நோட்டுப் புத்தகத்தை அனைவர் முன்பும் படிக்கலாம். எந்த மண்ணில் எந்தக் கருவி எவ்வளவு மிகுத்தோ குறைத்தோ காட்டியது என்பதை ஊரார் அறிந்தால், புதிதாக வாங்குவோர் ஏமாற மாட்டார்கள். ஒருமுறை பொய் சொன்ன கருவியைக் கொட்டகை மூலையில் எறிந்துவிட்டு, விஞ்ஞானத்தையே பழிக்கும் நிலையும் வராது. கருவியை மாற்றினாலும், வேறு நிலத்தில் நட்டாலும், நிலத்தில் மண் அடித்துத் திருத்தினாலும், பாய்ச்சும் நீர் உப்பாக மாறினாலும், மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதையும் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும்.

அன்பர்களே! புதிய கருவிகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் அவை நம் மண்ணுக்கு அந்நியமானவை. நம் மண்ணின் மொழியை அவற்றிற்கு நாமே கற்பிக்க வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஒரு தராசு, ஒரு குழாய், ஒரு பருவத்துப் பொறுமை. இவ்வாண்டு உங்கள் பஞ்சாயத்தில் ஒரு வயலிலேனும் இதனைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.